தள்ளிப்போட வேண்டியது பணத்தை, பிள்ளையை அல்ல

ராணுவ அதிகாரிகளாக வரப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளிகளான சைனிக் பள்ளிகளின் சங்கத்து அதிகாரிகளுக்கும், அந்தப் பள்ளிகளில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையைக் கையாளும் மாநில அரசு அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் சேலத்தில் கணக்கு டியூஷன் எடுப்பவன். ஆறாம் வகுப்புக்கான சைனிக் நுழைவுத் தேர்வில் மொத்தம் 300 மதிப்பெண். அதில் 150 கணக்குக்கு. அதனால் அந்தத் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் தானாகவே என் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் மகன், அம்மாப்பேட்டைத் தறிக்காரர் மகள், ஏற்காட்டு எஸ்டேட் கூலிக்காரர் பையன் என்று எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். பின்னமும் சதவீதமும் சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. தேர்வு முடிந்து, இடமும் கிடைத்த பிறகு சில வீடுகளிலிருந்து வருகிற கேள்விதான் சிரமம். "சார், ஒரு வருஷம் தள்ளிப்போடலாமுங்களா?"

ஏற்காட்டுக்கும் மேலே ஒரு மலைக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். பையனின் அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. காப்பிப் பறிப்பு ஓய்ந்ததும் மிளகுப் பறிப்பு தொடங்கும். சில்வர் ஓக் மரத்தில் கொடி உயரமாக ஏறிக்கிடக்கும். ஏணி என்று சொல்வது ஒற்றை மூங்கிலைத்தான். கணுவில் கால் வைத்து ஏற வேண்டும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறி, ஒரு கையால் மரத்தைப் பிடித்து, மறு கையால் சரம் சரமாக உருவிப் போடுவார்கள். அன்றைக்கு மூங்கிலின் அடி நழுவிவிட்டது. விழுந்தவருக்கு இடுப்பெலும்பில் முறிவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் ஜி.எச்.சுக்குக் கொண்டுவந்தார்கள். மகனுக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளியில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது அவர் எலும்பு வார்டில் கிடந்தார்.

வார்டுக்கு வெளியே வராந்தாவில் வைத்துத்தான் பேச்சு நடந்தது. பையனின் மாமன், "அக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மொதல்ல மாமா எந்திரிச்சு நடக்கட்டும்" என்றார். பாட்டியும் அதையே சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஸ்கேன் ரசீதுகளும், பையனின் ஹால் டிக்கெட்டும். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "அடுத்த வருஷம் இந்த எடத்த வச்சிருப்பாங்களா சார்?"

வைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் சேர மார்ச் 31 அன்று பத்து வயது நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. அவனுக்குப் பதினொன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மார்ச்சில் வயது தாண்டிவிடும். தேர்வே எழுத முடியாது. அப்புறம் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைதான். அதற்குப் பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரை உண்டு என்றாலும், இடங்கள் காலியானால்தான் வாய்ப்பு. அந்தத் தேர்வு ஆங்கிலத்தில். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால்தான் மலைமேல் இருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அதில் ஒரு நியாயமான போட்டி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் அந்த நியாயம் பாதி போய்விடுகிறது.

டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்தியன் மிலிட்டரி கல்லூரியைப் பற்றியும் சொன்னேன். பெயரில்தான் கல்லூரி, ராணுவத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய 1922இல் தொடங்கிய பழைய உறைவிடப் பள்ளி அது. எட்டாம் வகுப்பில் சேர்க்கிறார்கள், ஆண்டுக்கு இரண்டு முறை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. சென்னையில் தேர்வு வைக்கிறது. ஆனால் அங்கே பதினொன்றரை வயதிலிருந்து பதின்மூன்றுக்குள்தான் கணக்கு. வகுப்பையும் வயதையும் பொருத்திப் பார்த்தால் இந்தப் பையனுக்கு ஒரே ஒரு பருவம்தான் தேறியது. நாடு முழுவதற்குமாக ஒரு பருவத்தில் எடுப்பதே இருபத்தைந்து முப்பது பேரை. புனே பக்கம் கடக்வாஸ்லாவில் உள்ள, முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது என்.டி.ஏ.வுக்கு, போக விரும்பும் பதினேழு வயதுப் பையனுக்குப் பரவாயில்லை. பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வரை வயது வரம்பு, வருடத்துக்கு இரண்டு தேர்வு. ஒன்று போனால் இன்னொன்று. பிள்ளை சின்னதாக இருக்க இருக்க உங்கள் கதவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது. குடும்பத்தில் ஒரு இடி விழுந்தால் தாங்குவதற்கு அந்தச் சின்னப் பிள்ளைக்குத்தான் அதிக அவகாசம் வேண்டும்.

ஆக, நீங்கள் சேர்க்கைக் கடிதத்தில் குறிப்பிடும் நாளில் வராத பிள்ளை ஒரு வருடம் தள்ளிப்போட்ட பிள்ளை இல்லை. போகாமலே நின்றுவிட்ட பிள்ளை. உதவித்தொகையும் அப்படித்தான். சேர்க்கை இல்லையென்றால் உதவித்தொகையும் இல்லை. இரண்டும் ஒரே நாளில் போய்விடும். இது அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் முன்கூட்டியே தெரிவதில்லை.

விதி என்றால் விதிதான், ஆளுக்கு ஆள் வளைக்க முடியாது என்பீர்கள். சரி. ஆனால் உங்கள் பக்கம் கஷ்டம் வந்தபோது நாள் தள்ளிப்போயிருக்கிறதே? கொரோனா காலத்தில் 2021 ஜனவரி 10 அன்று வைத்திருந்த சைனிக் நுழைவுத் தேர்வு பிப்ரவரி 7க்குப் போனது. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் நடக்க வேண்டிய என்.டி.ஏ. தேர்வை யு.பி.எஸ்.சி. தள்ளிவைத்து, அடுத்த தேர்வோடு சேர்த்து செப்டம்பர் 6 அன்று ஒன்றாகவே நடத்தியது. யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நாட்டுக்கே வந்த கஷ்டத்துக்கு நாள் நகர்ந்தது போல, ஒரு வீட்டுக்கு வந்த கஷ்டத்துக்கும் கொஞ்சம் நகரலாம் என்றுதான் கேட்கிறேன்.

ராணுவத்துக்கு இது புதிதும் அல்ல. அகாடமியில் பயிற்சியின்போது கால் ஒடிந்த கேடட்டை, அதாவது பயிற்சி மாணவரை, மூட்டை கட்டச் சொல்வதில்லையே. குணமாகும்வரை விட்டு, பின்னால் வரும் கோர்ஸோடு சேர்த்துவிடுகிறார்கள். ரெலிகேஷன் என்று பெயர். ஆறு மாதம் பிந்தியதால் அவர் மோசமான அதிகாரியாகிவிட்டார் என்று எந்த முன்னாள் படைவீரரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேடட்டின் எலும்பு முறிந்தால் ஒரு பருவம் காத்திருக்கத் தெரிந்த அமைப்புக்கு, கேடட்டின் தகப்பன் எலும்பு முறிந்தால் காத்திருக்கத் தெரியாதா?

இனி பணத்துக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

தள்ளிப்போடலாமா என்று கேட்கும் வீடுகளில் பாதிக்கு மேல் பிள்ளையை அனுப்பத் தயாராகவே இருக்கின்றன. அந்த மலைக் கிராமத்து அப்பாவும் படுக்கையிலிருந்து சொன்னது "அவன் போவட்டும்" என்றுதான். சைனிக் பள்ளியின் ஆண்டுக் கட்டணம் லட்சத்தைத் தாண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு மாநில அரசின் உதவித்தொகை உண்டு, அது நல்ல திட்டம், அதில் குறை இல்லை. ஆனால் உதவித்தொகை பிறகு வருகிறது, கட்டணம் முதலில் கேட்கப்படுகிறது. தினக்கூலி நின்று, ஜி.எச்.சில் மருந்து இலவசம் என்றாலும் துணைக்கு இருப்பவர் சாப்பாடு, பஸ் செலவு, வெளியே எடுக்கச் சொன்ன ஸ்கேன் என்று கையிருப்பு கரைந்த மாதத்தில் அந்த முதல் தொகையை எங்கே புரட்டுவது? கந்துவட்டிக்கு வாங்கலாம். மலையில் அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. வாங்கிக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். உதவித்தொகை வந்து சேர்ந்தபோது அது வட்டிக்குச் சரியாகப் போயிற்று.

பணத்தைத் தள்ளிப்போட வழி இல்லாததால்தான் பிள்ளையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறார்கள். உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறது என்று தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ் சொல்லிவிட்டால், முதல் பருவக் கட்டணத்தை அரசும் பள்ளியும் தங்களுக்குள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பெற்றோரை நடுவில் நிறுத்தி வசூலித்து, பிறகு திருப்பிக் கொடுப்பதால் யாருக்கு லாபம்?

அந்தச் சான்றிதழிலும் ஒரு சிக்கல். அது கடந்த வருமானத்தைச் சொல்கிற காகிதம். கட்டிலில் கிடப்பவர் அதில் இன்னும் சம்பாதித்துக்கொண்டேதான் இருக்கிறார். இறப்போ, பெரிய விபத்தோ நடந்த வீட்டுக்கு, மருத்துவமனைச் சீட்டை வைத்து வருமானத்தைத் திருத்தி எழுத ஒரு வழி வேண்டும்.

மீதிப் பாதி வீடுகளுக்குப் பணம் மட்டும் பிரச்சினை அல்ல. அந்தப் பையனின் மாமன் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். "அப்பன் இப்படிக் கெடக்கறப்ப, பையன் அங்க போயி எப்படிங்க சார் படிப்பான்?" பதினோரு வயது. இங்கிருந்து ஈரோடு, உடுமலை வழியாக அமராவதி அணைப் பக்கம் போய்ச் சேரவே பாதி நாள் ஓடிவிடும். விடிவதற்கு முன் எழுந்து பி.டி.க்கு நிற்க வேண்டும். மனசு ஜி.எச். வார்டிலேயே இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் கேட்பது ஒரு வருடம் அல்ல, ஒரு பருவம். ஒரு வருடம் விட்டால் வயதும் போய்விடும், படிப்பின் சூடும் ஆறிவிடும், வீட்டுக்காரர்களும் பழகிப்போவார்கள். ஆறாம் வகுப்பின் முதல் பருவப் பாடத்தை ஒரு கெட்டிக்காரப் பிள்ளை விடுமுறையில் படித்து ஈடுகட்டிவிடும். கணக்கை வேண்டுமானால் நானே பொறுப்பெடுத்துக்கொள்கிறேன். டிரில்லில் பிந்தியதை அதைச் சொல்லிக்கொடுக்கும் உங்கள் உஸ்தாத்மார்கள் பார்த்துக்கொள்வார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்த பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நான் சொல்வது எல்லாருக்குமான சலுகை அல்ல. சம்பாதிக்கும் பெற்றோர் இறந்துபோன வீடு, படுத்த படுக்கையான வீடு, வெள்ளத்திலோ நிலச்சரிவிலோ குடியிருப்பு போன வீடு, இவ்வளவுதான். ஒரு பள்ளியில் ஒரு வருடத்துக்கு ஓரிரு பிள்ளைகள் இருந்தால் அதிகம். அதற்காக விடுதியில் ஒரு கட்டில் ஒரு பருவம் காலியாகக் கிடந்தால் குடி முழுகிவிடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-22 கல்வியாண்டிலிருந்து எல்லா சைனிக் பள்ளிகளிலும் அவர்களைச் சேர்க்கிறீர்கள். 2022இல் டேராடூன் கல்லூரியும் கதவைத் திறந்தது. நல்லது. ஆனால் வீட்டில் கஷ்டம் என்றால் மகளின் படிப்பைத்தான் முதலில் தள்ளிவைக்கிறார்கள், அவளுக்குத்தான் அடுப்படியும் தம்பி தங்கையும் காத்திருக்கும். மகனுக்குக் கடன் வாங்கிய அதே வீடு மகளுக்கு "அப்புறம் பாக்கலாம்" என்றதையும் பார்த்திருக்கிறேன். விதியில் இடம் இருந்தால், அதைக் காட்டிப் பேசவாவது எங்களைப் போன்றவர்களுக்கு முடியும்.

1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் குமாரமங்கலம் அன்றைய சேலம் மாவட்டத்துக்காரர். அந்த அப்பா படுத்துக்கிடந்த மருத்துவமனைக்கும் தளபதியின் தம்பி மோகன் குமாரமங்கலத்தின் பெயர்தான். தளபதி ஜமீன் வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தில் ஈட்டனிலும் வுல்விச்சிலும் படித்தவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறக்காதவர்களும் அதிகாரியாக வரவேண்டும் என்றுதான் 1961இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் காலத்தில் சைனிக் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அமராவதிநகர் பள்ளி அடுத்த வருடமே வந்துவிட்டது. பழங்குடிகளுக்கு ஏழரை சதவீத இடமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். சேர்வரையன் மலையின் மலையாளி என்னும் பழங்குடி இனப் பிள்ளை ஒன்று அந்த இடத்தைத் தேர்வெழுதி வாங்குகிறது. அதன்பிறகு ஒரு மூங்கில் நழுவியதற்காக அந்த இடம் போகிறதென்றால், பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்கள் கையை விட்டுத்தான் அது போகிறது.

அந்தப் பையன் போகவில்லை. இப்போது ஏற்காட்டிலேயே படிக்கிறான். அவன் அப்பா கோலூன்றி நடக்கிறார். அவனுக்காக இந்த மடலை எழுதவில்லை, அவன் விஷயத்தில் இனி உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அடுத்த சேர்க்கை அறிவிப்பில் இரண்டு வரி சேருங்கள். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பிள்ளையிடம் முதல் பருவக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பதில்லை என்று ஒரு வரி. குடும்பத்தில் இறப்போ, பெரும் விபத்தோ, பேரிடரோ நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் சான்றின் பேரில் ஒரு பருவம் பிந்திச் சேரலாம், வயது பழைய தேதிப்படியே கணக்கிடப்படும் என்று இன்னொரு வரி. தமிழிலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டியூஷன் வாத்தியார்,
சேலம்.

பி.கு.: இதைப் படிக்கிற பெற்றோருக்கு. விதி மாறும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வருமானம், சாதி, இருப்பிடம் மூன்று சான்றிதழுக்கும் தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தாரோடு முடிவதில்லை, ஆர்.டி.ஓ. வரை போகும், அதற்கு நாளாகும். வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால், சேரவில்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் பள்ளி முதல்வருக்கு நிலைமையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் என் திண்ணைக்கு வாருங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் இருப்பேன்.