லோ யாட் போகுமுன்

ஜோர்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்தை வந்த அன்றே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இடம், அதுவும் தமிழ் படிக்க என்றதும், பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முட்டி வலி இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் படி ஏற முடியாததுதான் அவருக்குக் குறை. அடிவாரத்துத் தண்ணீர்ப்பந்தலில் உட்கார்ந்தே கும்பிட்டார்.

சரி, மடிக்கணினி விஷயத்துக்கு வருகிறேன். கையில் 2,000 ரிங்கிட், சனிக்கிழமை கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவின் கணினிக் கடைகளுக்குப் போகிறோம், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். வாங்கிய பிறகு மாற்ற முடியாதது எது என்று முதலில் பார். மற்றதெல்லாம் அப்புறம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பையனின் இணைய வகுப்புக்கு அவசரமாக ஒன்று வாங்கினேன். 4 ஜிபி ராம் (ஓடும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. "ஸ்கூலுக்கு இது போதும்ணே" என்றார் கடைக்காரர். சில மாதங்களில் விண்டோஸ் அப்டேட் இறங்க இடமில்லை. பையன் வாரா வாரம் பாடங்களைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு அழிப்பான். வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பெரிதாக ஒன்று போடலாம் என்று திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பு, போர்டிலேயே பற்றவைத்திருந்தார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை. வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், திரை உறைந்து நிற்கும், இவன் கண் கலங்கி உட்கார்ந்திருப்பான். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. உன் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது.

ராம் 8 ஜிபிக்குக் கீழே வேண்டாம். உலாவியில் பத்துப் பக்கம், கூகுள் மீட், வேர்ட் என்று ஒன்றாகத் திறந்தால் 8-உம் திணறும். 16 இருந்தால் நிம்மதி. 8 ஜிபி கணினிதான் கட்டுப்படியாகும் என்றால், பிறகு கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்று பார். வாய்வார்த்தையை நம்பாதே, மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் விவரத்தாளில் சரிபார். சேமிப்பு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். 256 ஜிபி போதும், 512 கிடைத்தால் நல்லது.

பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து மயங்கிவிடாதே. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யூ என்று ஒரு சிப் (கணினியின் செயலி) இருக்கிறது. 7000 வரிசை என்பதால் புத்தம் புதிது போலத் தோன்றும். ஆனால் ஏஎம்டி அந்த வரிசையில் உள்ளிருக்கும் வடிவமைப்பை மூன்றாவது இலக்கத்தில் வைத்திருக்கிறது. 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த சென் 2. 7530யூ என்றால் சென் 3, கோர் எனும் கணக்கிடும் மையமும் நான்குக்குப் பதில் ஆறு. தவிர, 7520யூ ஏற்கும் ராம் போர்டில் பற்றவைக்கிற வகை மட்டும்தான். 8 வாங்கினால் கடைசிவரை 8. இன்டெல்லில் ஐ3-1215யூ கிடைத்தால் அவள் வேலைக்குத் தாராளம்.

இரண்டு கம்பெனியும் 1972-இல் இங்கே பாயான் லெப்பாசில் தொழிற்சாலை போட்டவை. நம் தெரு அக்காமார் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? சிப் என்றாலே எனக்கு அவர்கள் முகம்தான் வருகிறது.

மகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. திரை ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். மலிவான டிஎன் திரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே வெளுத்துவிடும், இரவெல்லாம் அதில் படிப்பது கண்ணுக்குப் பாவம். விசைப்பலகையில் அவளே ஒரு பத்தி தட்டிப் பார்க்கட்டும். தமிழ் 99 விசை அமைப்பில் பழகியிருந்தால் உயிர் இடக்கை, மெய் வலக்கை என்று விரல் மாறி மாறி ஓடும். விசை குழைந்தால் அந்த ஓட்டம் கெட்டுவிடும். சங்க மலருக்காக நாம் முரசு அஞ்சல் மென்பொருளில் விடிய விடியத் தட்டியபோது, அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாயே. அந்த வேலையை இனி உன் மகள் செய்யப் போகிறாள். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

புதிது எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால், அலுவலகங்களில் ஓடிப் புதுப்பித்து விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட் மடிக்கணினிகளைப் பார். திங்க்பேட் டி480-இல் ராமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு, விசைப்பலகையும் அருமை. ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறைச் செயலிக்குக் கீழே இறங்காதே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 ஓடும் கணினிதான் வேண்டும். புது பேட்டரிச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்.

ரசீதைப் பத்திரமாக வை. வருமான வரியில் வாழ்க்கைமுறை விலக்கு ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை. பிள்ளைக்கு வாங்கும் கணினியையும் அதில் காட்டலாம்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. கடையில் நிற்கும்போதே மாடல் எண்ணைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வாங்கியதும் அவள் முதலில் தட்டச்சு செய்வதை எனக்கு அனுப்பச் சொல். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்