ஆறு மாதக் கணக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சைட்டில் காலில் ஆணி ஏறியதை நீ சொல்லவில்லை, மருமகள் சொல்லித்தான் தெரிந்தது. அவளைத் திட்டாதே. போனில் கேட்டதற்கு, "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி டி.டி. போட்ட மாதிரி ஞாபகம்மா. அதெல்லாம் ஆறு மாசம்தானே தாங்கும்? காயமும் ஆறிப்போச்சு, விடும்மா" என்றாய். அந்த ஒரு பேச்சுக்குள் எத்தனை தப்பு! போனில் விளக்கினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

டி.டி. என்பது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், வராமல் தடுக்கிற ஊசி. முதலில் அந்த ஆறு மாதக் கணக்கு. கிராம சுகாதார செவிலியராக இருந்த காலம் முழுக்க இதனோடுதான் மல்லுக்கட்டினேன். டீக்கடையில் சொல்வார்கள், மெடிக்கல் ஷாப்பில் சொல்வார்கள், சில கிளினிக்குகளில்கூடச் சொல்வார்கள். சின்ன வயதில் வரிசையாகப் போட்டுக்கொண்டவருக்கு ஒரு பூஸ்டர் பத்து வருடம் தாங்கும். சுத்தமான சின்னக் கீறல் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால்தான் அடுத்தது வேண்டும். மண்ணோ சாணியோ பட்ட காயம், ஆணி முள் ஆழமாக இறங்கியது, நசுங்கியது, தீப்பட்டது என்றால் ஐந்து வருடக் கணக்கு. சவரம் செய்யும்போது கீறினாலும் ஓடிப்போய்க் குத்திக்கொள்கிறவர்களுக்குக் கை வீங்கிச் சிவந்து வலிப்பதுதான் மிச்சம்.

உன் கார்டு என் பீரோவில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது ரணஜன்னிக்கும் சேர்த்துப் போடுகிற முத்தடுப்பு ஊசி மூன்று, ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, அப்புறம் பத்திலும் பதினாறிலும். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் போட்டதுதான் கடைசி. உனக்கு இப்போது முப்பத்து நாலு. "போட்ட மாதிரி ஞாபகம்" என்பதைக் கணக்கில் சேர்க்க முடியாது கண்ணு, தேதி வேண்டும்.

இது உன் ஒருவன் கதை இல்லை. அரசாங்க அட்டவணை பதினாறு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கர்ப்பிணிகளைத்தான் தேடிப் பிடித்துப் போடுகிறோம். உன் பெண்டாட்டிக்கு மாசமாக இருந்தபோது இரண்டு ஊசி ஆயிற்று. ஆண்பிள்ளைகளுக்கு ரத்தம் வந்தால்தான் அந்த நினைப்பே வருகிறது. அப்படிக் கர்ப்பிணிகளைத் துரத்தித் துரத்திப் போட்டதற்குப் பலன் இல்லாமலில்லை. அழுக்குப் பிளேடில் தொப்புள் கொடி அறுத்து, வெட்டிய இடத்தில் சாம்பலோ சாணியோ வைத்த வீடுகளில், நன்றாகப் பால் குடித்த குழந்தை சில நாளில் வாய் இறுகிச் சப்ப முடியாமல் போய்விடும். அதுவும் ரணஜன்னிதான். 2015-ல் இந்தியா பச்சைக் குழந்தைகளுக்கு வரும் இந்த ரணஜன்னியிலிருந்து மீண்டது. எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தை என்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கிருமி மட்டும் மண்ணில் அப்படியேதான் இருக்கிறது. அது ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றுவதில்லை என்பதால் ஊரே ஊசி போட்டுக்கொண்டாலும், போடாதவனுக்கு அது காவலாகாது.

துருப்பிடித்த ஆணி என்றால்தான் ஆபத்து என்று நினைத்திருப்பாய். துருவில் ஒன்றுமில்லை, அதில் ஒட்டியிருக்கும் மண்ணில்தான் விஷயம். காற்றுப் படாத இடம்தான் அந்தக் கிருமிக்குத் தோது. ஆணிக்காயம் மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே அதற்கு வசதியான பொந்து. ஆகவே காயம் ஆறிப்போச்சு என்று நீ சொன்னதில் எனக்கு நிம்மதி ஏதும் இல்லை. ரணஜன்னி மூன்று நாளிலும் வரும், மூன்று வாரம் கழித்தும் வரும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில். இருபத்து நாலு மணி நேரம் தாண்டிவிட்டால் ஊசி வீண் என்பதும் கட்டுக்கதை. இன்றைக்கே போ.

என் சரகத்தில் ஒருவருக்குச் சீமைக் கருவேல முள் குத்தி வந்தது. வாய் திறக்க முடியவில்லை என்றதும் கடைவாய்ப் பல் வலி என்று நினைத்து இரண்டு நாள் கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் இருட்டறையில் படுக்க வைத்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை, வாசலில் செருப்புச் சத்தம்கூட ஆகாது. பார்க்கப் போனபோது யாரோ டம்ளரைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்து, குதிகாலும் தலையும் மட்டும் கட்டிலில் பட்டன. நினைவு தப்பாது என்பதுதான் கொடுமை, எல்லாம் அவருக்குத் தெரிகிறது. பிழைத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது அவருக்கும் தடுப்பூசி போடச் சொன்னார்கள். ஒருமுறை வந்து போனாலும் இந்த நோய் உடம்புக்கு எதிர்ப்பு சக்தியைத் தராது; அந்தக் கிருமி கக்கும் நஞ்சு கொல்லும் அளவே அத்தனை சொற்பம், உடம்பு அதை அடையாளம் கண்டு வைத்துக்கொள்வதற்குக்கூடப் போதாது.

ஆஸ்பத்திரியில் டி.டி. என்று கேட்டாலே போதும். இப்போது வருவதில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. கை இரண்டு நாள் கனக்கும், பாராசிட்டமால் போட்டுக்கொள். தேதியை எழுதி வாங்கி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

இன்னொன்று. உன் சைட்டில் சென்ட்ரிங் பலகை பிரிக்கிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள் நிறையப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் என்றாயே, அவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தையில் ஊசி போட்டது தெரியும்? தெரியாதவர்களுக்கு ஒரு பூஸ்டர் பத்தாது. மூன்று வேண்டும்: இன்றைக்கு ஒன்று, நாலு வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒன்று. அவர்களுக்கு அழுக்குக் காயம் பட்டால் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (நஞ்சை உடனே தடுக்கிற, தயாராக உள்ள எதிர்ப்பு மருந்து) போட வேண்டும்; டாக்டரிடம் பழைய ஊசி விவரம் தெரியாது என்று மறைக்காமல் சொல்லச் சொல். காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், மஞ்சளும் காபித்தூளும் அப்பக் கூடாது. மேஸ்திரியிடம் சொல்லி சைட் டைரியில் எல்லோருடைய தேதியையும் குறித்து வைத்தால் இரண்டாம் ஊசி தவறாது. முதல் பெயர் உன்னுடையதாக இருக்கட்டும், அப்போதுதான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள்.

உன் அப்பாவுக்குப் போன மாதமே போட்டாயிற்று. சாணியும் மண்வெட்டியுமாக வெறுங்காலோடு திரிகிற மனுஷன், "எனக்கென்ன மசக்கையா?" என்று கேட்டார். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையில்தான் உட்கார வைத்தேன்.

அன்புடன்,
அம்மா