உரிமம் இல்லாத வைத்தியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓரினச் சேர்க்கை ஒரு நோய், கடவுளிடம் விட்டால் குணமாகும் என்று போன ஞாயிறு கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்படி விட்டுப் பார்த்தவள் நான்.

தூத்துக்குடியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கத்தோலிக்கக் குடும்பம். 2016இல் என் இளைய மகன், பெண்கள்மேல் தனக்கு நாட்டம் வரவில்லை என்று அடுப்படியில் வைத்துச் சொன்னான். மறுவாரமே மூன்று நாள் தியானத்துக்கென்று ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப் போனேன். போகும் வரை எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. கடைசி நாள் நாலு பேர் அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையில் கை வைத்து 'வெளியே போ, வெளியே போ' என்று கத்தினார். காணிக்கை ஐயாயிரம். திரும்பும்போது பஸ்ஸில் 'தண்ணி இருக்காம்மா' என்று மட்டும் கேட்டான். அப்புறம் இரண்டு வருடம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், ஒருவரின் இந்த நாட்டத்தை மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்யவே கூடாது, மீறுகிறவரின் தொழில் உரிமத்தைப் பறிக்கலாம் என்று உத்தரவிட்டார். அதற்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் (எனக்கு அந்தப் புத்தி வரவில்லை). 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுக்க மீறல் என்றது. சரி, டாக்டரிடம் உரிமம் இருக்கிறது. ஜெப வீட்டுக்காரரிடம் எதைப் பறிப்பது?

வேத வசனம் காட்டுகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூல் 2357ஆம் எண்ணில் அந்த உறவை ஏற்க முடியாது என்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அடுத்த எண்ணிலேயே இவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்கவேண்டும் என்கிறது. முன்னதைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டாயிற்று. பின்னதை நானாகத்தான் தேடிப் படித்தேன். 2023 டிசம்பரில் போப் பிரான்சிஸ் ஒப்புதலோடு வத்திக்கான், இத்தகைய ஜோடிகளுக்குத் திருமணச் சடங்கு போலில்லாமல் குருக்கள் ஆசி அளிக்கலாம் என்றது. ஆப்பிரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) முடியாது என்றார்கள். அந்த வாதம் நடக்கட்டும். கோயிலில் கல்யாணம் நடத்தித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். இதற்கு ஜெப சிகிச்சை கிடையாது என்று ஆயர்கள் சுற்றறிக்கை விடட்டும், பங்குத்தந்தையர் அதைப் பூசையில் வாசிக்கட்டும். மற்ற சபைகளும் மற்ற மதத்தாரும் தங்கள் இடங்களில் இதைச் சொல்லட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப்போகும் இன்னொரு தாய் அங்கே உட்கார்ந்திருப்பாள்.

என் பெயரைப் போடவேண்டாம். எனக்குப் பயமில்லை, மகன்தான் அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி