எக்கோ சீட்டில் விளையாட்டையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கல் கபடிப் போட்டிகளில் இறங்கும் எல்லாருக்கும் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்) கட்டாயம் வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறை நியாயமானதுதான். ஆனால் கும்பகோணமோ மன்னார்குடியோ, எக்கோ அறைக்கு வரும் பையன் கையிலுள்ள, டாக்டர் எழுதிய சீட்டில் ‘எக்கோ பார்க்கவும்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. என்ன விளையாட்டு, எத்தனை வருடமாக, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ரத்த அழுத்தம் எவ்வளவு, ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா, எதுவும் தெரியாது. இந்த நிலையில் ‘இதயச் சுவர்த் தடிப்பு 13 மி.மீ.’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், ஒரு டாக்டர் ‘இதயம் வீங்கியிருக்கிறது’ என்று பையனை மைதானத்தை விட்டே துரத்துவார். இன்னொருவர் ‘ஸ்போர்ட்ஸ் ஹார்ட்தான் (பயிற்சியால் தடித்த விளையாட்டு இதயம்), போய் ஆடு’ என்பார். இரண்டுமே தவறாகலாம், உயிரை எடுப்பது பின்னது.

இதயத்தின் இடது கீழறைச் சுவர் சாதாரணமாக 11 மி.மீ.க்குள் இருக்கும். கடுமையாகப் பயிற்சி எடுப்பவருக்கும் பெரும்பாலும் 12-ஐத் தாண்டாது. பெண்களுக்கு 11-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஏதோ ஓரிடத்தில் 15-ஐத் தொட்டு, அதற்கு ரத்த அழுத்தம், வால்வுச் சுருக்கம் போன்ற காரணமும் இல்லையென்றால், பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்பு நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 13, 14-தான் சங்கடம், பயிற்சியாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். 1991-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் முன்னணி வீரர்கள் 947 பேரை எக்கோ பார்த்தார்கள். 13 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் 16 பேர்தான். அவர்களில் 15 பேர் படகு வலிப்பவர்கள். முக்கியமான விஷயம், அந்த 16 பேருக்கும் சுவர் தடித்ததோடு அறையும் விரிந்திருந்தது.

ஆகவே சுவரை அளந்ததும் அறையின் அகலத்தைப் பார்க்க வேண்டும். இதயம் தளர்ந்து விரிந்த நிலையில் 55 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயிற்சியின் பக்கம் சாயலாம். 45-க்குக் கீழே, சுவர் மட்டும் தடித்திருந்தால் நோயின் பக்கம். அடுத்தது, தசை தளரும் வேகம். பயிற்சியால் தடித்த தசை நன்றாகத் தளரும். நோயுற்ற தசை விறைத்து நிற்கும். எக்கோவிலேயே தசை அசையும் வேகத்தை அளக்கும் திசு டாப்ளரில், இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவர்ப் பக்கம் தளரும் வேகம் நொடிக்கு 7 செ.மீ.க்குக் கீழே போனால், இருபது வயதுப் பையனிடம் அதை லேசாக விடக் கூடாது.

பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பு மைதானத்துக்கு வருபவருக்கு விளையாட்டு இதயம் உருவாகாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு மாதக்கணக்கில், வாரத்துக்குப் பல மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் தூக்குகிற இளைஞருக்கு ‘சுமை தூக்கித் தடித்திருக்கும்’ என்று சமாதானம் சொல்வதும் சரியல்ல. பளு தூக்கும் வீரர்களுக்கே 12-ஐத் தாண்டுவது குறைவு. அவருக்கு முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள். ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்கிறாரா என்றும் தயங்காமல் கேளுங்கள். ஸ்டீராய்டும் சுவரைத் தடிக்க வைக்கும்.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. வலது கீழறையில் இடைச்சுவரை ஒட்டி ஓடும் தசைப்பட்டையைச் சேர்த்து அளந்தால் 11 என்பது 14 ஆகிவிடும். நெஞ்சில் வைக்கும் கருவி (புரோப்) சாய்ந்து, வெட்டு குறுக்காக விழுந்தாலும் அப்படியே. நீள்வெட்டுப் படத்தில் கண்டதைக் குறுக்குவெட்டிலும் அளந்து ஒத்துப்பார்க்காமல் ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது.

அதன் பிறகும் சந்தேகம் தீரவில்லையா? பயிற்சியை நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. தைப் போட்டி முடிந்ததும் மாசி, பங்குனி, சித்திரை என மூன்று மாதம் முழு ஓய்வு. ‘லேசாக ஓடினேன்’ என்பதெல்லாம் கணக்கில் சேராது. பிறகு அதே மெஷினில், முடிந்தால் அதே ஆளே எக்கோ பார்க்க வேண்டும். ஆள் மாறினாலே 1 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். 2 மி.மீ.யோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் பெரும் ஆறுதல். துளியும் குறையாவிட்டால் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புங்கள். சிறுநீரகம் சரியா என்று கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, கேடோலினியம் என்ற சாய மருந்தைச் செலுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் தசைக்குள் தழும்பு வெள்ளையாகத் தெரியும். இரண்டு கீழறைகளும் சேரும் இடத்தில் மட்டும் சிறு புள்ளி இருந்தால் நீண்ட தூர ஓட்டக்காரர்களிடமும் அதைக் காணலாம். தடித்த சுவரின் நடுவே திட்டுத்திட்டாக இருந்தால் அது வேறு கதை, நோயின் பக்கம்.

கட்டுரையாளர் எக்கோவை முதலில் வைத்தார். நான் ஈசிஜியை முன்னே வைப்பேன். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஐந்து நிமிடத்தில் முடியும். நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருப்பதும், அலைகள் உயரமாக இருப்பதும் வீரர்களுக்குச் சகஜம். இடது மார்பில் ஒட்டும் வி5, வி6 மின்முனைகளில், துடிப்பின் கடைசியில் வரும் டி அலை தலைகீழாக இருப்பது சகஜமல்ல. எக்கோ ‘நார்மல்’ என்று வந்தாலும் அந்தப் பையனை விட்டுவிடக் கூடாது. தடிப்பு இதயத்தின் நுனியில் மட்டும் இருந்தால் எக்கோவில் தப்பிவிடலாம், எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் தப்பாது. 1982 முதல் போட்டி வீரர்களுக்குப் பரிசோதனையைச் சட்டமாக வைத்திருக்கும் இத்தாலியிலும் அடிப்படைப் பரிசோதனை ஈசிஜிதான்.

குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டால் நம் ஊரில் ‘இல்லை’ என்பார்கள். ‘நன்றாக நீந்தத் தெரிந்த யாராவது ஆற்றிலோ குளத்திலோ மூழ்கிப் போனார்களா?’ என்று கேளுங்கள். காவிரிக் கரையில் அதை யாரும் இதயத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. தண்ணீரில் இறங்கியதும் துடிப்பு தாறுமாறாகும் பரம்பரைக் கோளாறுகள் உண்டு. அவற்றில் எக்கோ சுத்தமாக வரும். சில ஈசிஜியில் பிடிபடும், சில ட்ரெட்மில்லில் ஓடவிட்டால்தான் தெரியும். சீட்டில் இந்தக் கேள்விக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

எக்கோ பரிசோதகர் ஒருவர்,
கும்பகோணம்