அந்தக் குண்டு டிவி இங்கேயே இருக்கட்டும்

காரைக்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சாயங்காலம் முகப்பு வரை நடந்து வந்து உட்காருகிறார்கள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு ரெண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் பிளேஸ்டேஷன் 3 கேம் பெட்டியை ரெட்ரோ, அதாவது அந்தக் காலத்துச் சாமான், என்று சொல்லிவிட்டான், உனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது என்றாய். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கினதுப்பா, அது எப்படிப் பழசாகும்? பழைய சாமான் விக்கிறவர் நீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாய். அதே மூச்சில் மாடியில் கிடக்கிற பழைய குண்டு டிவியையும் கேம் பெட்டிகளையும் எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னாய். ரெண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் பழசுக்குச் சட்டப்படி ஒரு கணக்கு உண்டு. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம், நூறு வருஷமாவது ஆகியிருந்தால்தான் ஒன்றைத் தொல்பொருள் என்கிறது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி மாதிரியானவற்றுக்கு 75 வருஷம். வீட்டு டிவியில் மாட்டி விளையாடும் முதல் பெட்டியான மேக்னவாக்ஸ் ஒடிஸி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் அதே 1972-ல்தான். ரால்ஃப் பேர் என்பவர் யோசித்துச் செய்தது. அதற்குச் சத்தம் கிடையாது, கலர் கிடையாது. டிவிக் கண்ணாடி மேல் கலர் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து, அதையே மைதானமாக நினைத்துக்கொண்டு விளையாட வேண்டும். அந்த ஒடிஸிகூட நம் சட்டப்படி 2072-ல்தான் தொல்பொருள் ஆகும். அதனால் உன் பெட்டியைப் பற்றிச் சட்டம் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் எங்கள் கடை இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறவர்கள் சட்டத்தைப் பார்த்து வருவதில்லை. வருஷத்தை வைத்து எடைபோட்டால் எங்கள் கடையில் பாதிச் சாமானுக்கு அர்த்தமே இருக்காது. குத்துவிளக்கை எடுத்துக்கொள். நூறு வருஷத்து விளக்கு என்று நான் சொன்னால்தான் வாங்க வருகிறவருக்குத் தெரியும். ஏனென்றால் அது இன்றும் எரிகிறது. திரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், எண்ணெய் வீட்டிலேயே இருக்கும். கிராமபோன் அப்படி இல்லை. வயதில் விளக்கைவிட இளையது, ஆனால் அதற்கு ஊசி வேண்டும், 78 சுற்று இசைத்தட்டு வேண்டும், ஸ்பிரிங் அறுந்தால் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். இந்த மூன்றும் போனபிறகு அது முழுக்கப் பழசாகிவிட்டது. ஒரு பொருள் பழசாவது அதன் வயதால் இல்லை பாப்பா, அதைச் சுற்றி இருந்தவை ஒவ்வொன்றாகப் போவதால்தான். இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்து நான் கண்டது இதுதான். கேம் பெட்டிகளுக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும் என்பது போன கோடை லீவில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

உன் அண்ணன் மகன் வந்திருந்தான். இரண்டாம் கட்டு மாடியில் எதையோ தேடப் போய், நீயும் அண்ணனும் சின்ன வயதில் விளையாடிய டிவி கேமை எடுத்துக்கொண்டு வந்தான். உனக்கு நினைவிருக்கும், சாம்பல் வெள்ளையாக இருக்குமே, மஞ்சள் கேசட் போடுவோமே, அது. நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்து யாரோ செய்த நகல். நம் ஊர்ப் பிள்ளைகள் நிண்டெண்டோ என்ற பேரையே கேட்காமல் மரியோவும் கான்ட்ராவும் விளையாடி வளர்ந்தது இந்த நகல்களால்தான். அந்த நகல் பெட்டிகளை மட்டமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அசல் வந்து சேராத ஊருக்கு அவைதான் வந்து சேர்ந்தன.

ஹாலில் இருக்கிற புது எல்.ஈ.டி. டிவியில் மாட்டினோம். மஞ்சள் வயருக்கு ஒரு துளை இருந்ததால் படம் வந்துவிட்டது. மரியோ ஓடினான், ஆனால் பையன் "தாத்தா, பட்டனை அமுக்கினப்புறம் கொஞ்சம் லேட்டாத்தான் குதிக்கிறான்" என்றான். அப்புறம் வாத்து சுடுகிற டக் ஹன்ட் போட்டான். துப்பாக்கியால் எத்தனை தடவை சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுப்போயிருக்கும் என்று அவன் வைத்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. மாடியிலிருந்து நம் பழைய குண்டு டிவியை ஆள் வைத்து இறக்கி, அதில் மாட்டிக் கொடுத்தேன். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது.

செக்காலை ரோட்டில் எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அவர்தான் காரணத்தைச் சொன்னார். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. குழலுக்குள் வெளிச்சத்தை உணர்கிற ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. நீ விசையை இழுத்ததும் திரை முழுவதும் ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நேரம்தான். அந்தக் கணத்தில் துப்பாக்கிக்கு வெளிச்சம் பட்டால் வாத்து விழுந்தது, படாவிட்டால் தப்பித்தது. குண்டு டிவி, அதாவது பிக்சர் டியூப் டிவி, வருகிற சிக்னலை அப்படியே கோடு கோடாக உடனுக்குடன் வரைந்துவிடும். புது டிவியோ படத்தை வாங்கி, பெரிதாக்கி, சரிசெய்து, அப்புறம்தான் காட்டும். அந்தத் தாமதத்துக்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. நம் துப்பாக்கியில் ஒரு பழுதும் இல்லை. அது பார்க்க வேண்டிய டிவிதான் உலகத்தில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால்தான் டிவியை எடைக்குப் போட மாட்டேன் என்கிறேன். கேம் பெட்டி கிடைக்கும். பிளேஸ்டேஷன் 2 மட்டுமே உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்றது, இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் இருக்கும். குண்டு டிவி அப்படி இல்லை. நம் தமிழ்நாட்டில் 2006-ல் ஆரம்பித்த இலவச கலர் டிவித் திட்டத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தார்கள், எல்லாம் 14 இஞ்ச் பிக்சர் டியூப் டிவி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அன்று அது இல்லாத வீடே கிடையாது. இன்று தேடிப் பார், காயலான் கடையில் உடைந்த கண்ணாடியாகத்தான் கிடைக்கும். இத்தனை பேர் வீட்டில் இருந்த ஒரு பொருள் இவ்வளவு சீக்கிரம் மறைந்து நான் பார்த்ததில்லை. வீட்டு டிவிக்கு யாரும் இனி பிக்சர் டியூப் செய்யப்போவதும் இல்லை. அந்த மெக்கானிக்கும் வயதானவர், அவர் மகன் ஏசி வேலைக்குப் போகிறான்.

இப்போது உன் பிளேஸ்டேஷன் 3-க்கு வருகிறேன். வருஷக் கணக்குப் பார்த்தால் அந்தப் பையன் சொன்னது தப்பில்லை. அது வந்தது 2006 நவம்பரில். நீ முதன்முதலில் மரியோ விளையாடியபோது ஃபேமிகாமுக்கு ஆகியிருந்த வயதைவிட, இன்று உன் பிளேஸ்டேஷனுக்கு வயது அதிகம். ஆனாலும் உனக்கு அது பழசாகத் தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. அதில் எச்.டி.எம்.ஐ. துளை உண்டு. இன்றைக்குக் கடையில் வாங்கும் டிவியில் அப்படியே செருகினால் படம் பளிச்சென்று வரும். அந்தப் பெட்டிக்கென்று 2013-ல் வந்த ஜிடிஏ 5 என்ற விளையாட்டை இன்றைக்கும் புதுப் பெட்டிகளுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னான். தட்டை டிவிக்காகச் செய்தது, தட்டை டிவி ஊரெல்லாம் இருக்கிறது. என் கணக்கில் அந்தப் பெட்டி இன்னும் எரிகிற விளக்குதான். குண்டு டிவிக்காகச் செய்ததா, தட்டை டிவிக்காகச் செய்ததா என்று கேட்டாலே முக்கால்வாசிப் பெட்டிகளுக்குப் பதில் கிடைத்துவிடும். பிளேஸ்டேஷன் 2 அந்தப் பக்கம், 3 இந்தப் பக்கம்.

ஆனால் உன் பெட்டிக்கு வேறொரு சுற்றுப்பொருள் இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. டிஸ்க்காக வாங்கியவை உன் அலமாரியில் இருக்கின்றன. நெட்டில் காசு கட்டி இறக்கிக்கொண்டவை? அவற்றுக்குச் சுற்றுப்பொருள் கம்பெனியின் கம்ப்யூட்டர். சோனி 2021-ல் பிளேஸ்டேஷன் 3-இன் நெட் கடையை மூடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டது. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ என்ற கேம் பெட்டிகளின் நெட் கடைகளை 2023 மார்ச்சில் மூடியே விட்டது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் தன் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியின் கடையை மூடியது. இனி அந்தப் பெட்டிகளுக்கு அங்கே புதிதாக எதுவும் வாங்க முடியாது. 1985-ல் வந்த மரியோ கேசட்டைப் போட்டால் இன்றும் ஓடுகிறது. முழு விளையாட்டும் 40 கிலோபைட்தான், நீ வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு போட்டோ அளவுகூட வராது, ஆனால் அது முழுவதும் அந்தக் கேசட்டுக்குள்ளேயே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்னால் வந்ததுதான் முன்னால் போகப்போகிறது.

நான் கையில் வாங்கிக் கையில் கொடுத்துப் பிழைக்கிறவன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் கொண்டுவந்து வைத்த சாமான்கள் மூன்று தலைமுறை தாண்டி என் கடைக்கு வருகின்றன என்றால், யாரோ ஒருவர் அதை இன்னொருவர் கையில் கொடுக்க முடிந்ததால்தான். கையில் கொடுக்க முடியாத விளையாட்டு என் மாதிரி ஒருவர் கடைக்கு எந்தக் காலத்திலும் வராது. அதனால் நீ டிஸ்க் கிடைக்கிற விளையாட்டை டிஸ்க்காகவே வாங்கு. ரெண்டு காசு கூட ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், இங்கே இருக்கிறவற்றை எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். டிவி கேம் நன்றாக மஞ்சளாகிவிட்டது. அந்த மாதிரிப் பிளாஸ்டிக் வெயிலும் சூடும் பட்டால் அப்படித்தான் ஆகும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று அண்ணன் சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். பித்தளையில் ஏறிய நிறத்தையே தேய்த்து எடுக்க விடமாட்டேன், இது மட்டும் என்ன? கேசட்டை ஊதிப் போடுகிற பழக்கத்தையும் பையனிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வாய் ஈரம் உள்ளே இருக்கிற செம்புப் பல்லை அரித்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக், நடுவில் கருப்புப் பிசின் பொட்டு ஒன்றைக் காட்டினார். மூளை முழுவதும் அதற்குள்ளேதானாம், அது போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இருக்கிற வரைக்கும் ஓடட்டும். அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கிய பிளேஸ்டேஷன் 2-க்கு லென்ஸ் துடைத்து, உள்ளே நேரத்துக்காக வைத்திருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றியாகிவிட்டது. குண்டு டிவியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வயரைப் பிடுங்கிய பிறகும் டியூபில் கரண்ட் நிற்கும், ஓடும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிற இடம் அது.

போன மாதம் ஒருவர் கடைக்கு வந்து, குண்டு டிவி இருந்தால் நல்ல விலை தருகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டேன். உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு மீன் தொட்டி செய்து ஹோட்டல் வரவேற்பில் வைக்கப்போகிறாராம். வீட்டை இடித்தபிறகு வருகிற நிலைக்கதவை மேஜையாக்குகிறவர்களுக்கு நானே கதவு விற்றிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே வீடே போய்விட்டது, கதவாவது மிஞ்சட்டும் என்று விற்றேன். இந்த டிவிக்கு வீடும் இருக்கிறது, விளையாடப் பையனும் இருக்கிறான். கொடுக்கவில்லை.

இப்போது டிவியைக் கீழேயே வைத்துவிட்டோம், வளவை ஒட்டிய அறையில். சாயங்காலம் பையன் வீடியோ காலில் வந்தால் அப்பத்தாவே "வாத்து சுடுறதுக்கு எப்படா வர்ற?" என்று கேட்கிறார்கள்.

தைக்கு வரும்போது உன் பெட்டியையும் டிஸ்க்குகளையும் எடுத்து வா. எச்.டி.எம்.ஐ. வயர் இங்கே இருக்கிறது, தூக்கி வர வேண்டாம். பிளேஸ்டேஷன் 2-க்கு 8 எம்பி மெமரி கார்டு ஒன்று அங்கே பழைய கடைகளில் கிடைத்தால் வாங்கி வா, நம்முடையது சில நேரம் பேசமாட்டேன் என்கிறது. இன்னொன்று: கான்ட்ராவில் 30 உயிர் வாங்க மேலே கீழே என்று ஏதோ வரிசையாக அமுக்குவீர்களே, பையன் என்னைத் தினமும் நச்சரிக்கிறான். அண்ணனுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவனிடம் மறக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா