செய்திச் சானல் ஆசிரியர்களே, பொய்யான செய்திக்கும் ஒரு சிவப்புப் பட்டை ஓட்டுங்கள்

தமிழ்ச் செய்திச் சானல்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இங்கே தெருவுக்கு நாலு வீட்டிலாவது பட்டாளத்துக்குப் போன பிள்ளை உண்டு. என் தம்பி இப்போது ஜம்மு பக்கம் இருக்கிறான். எந்த இடம், எந்த யூனிட் என்று எழுதமாட்டேன். ராணுவ நடமாட்டத்தைக் காட்டாதீர்கள் என்று 2025 ஏப்ரல் 26-ஆம் தேதி மத்திய அரசு அறிவுறுத்தியது முக்கியமாக உங்களைத்தான். ஆனாலும் நாங்கள் கடைப்பிடிக்கிறோம்.

இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்த மே 8 இரவு அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஜம்மு-காஷ்மீரின் ரஜோரியில் ராணுவப் படைப்பிரிவு மீது தற்கொலைத் தாக்குதல் என்று சிவப்புப் பட்டை ஓடியது. கூடவே சைரன். அது ரஜோரியில் ஊதிய சைரன் இல்லை, உங்கள் எடிட்டிங் அறையில் சேர்த்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தம்பிக்குப் போன் போடச் சொன்னார். சுவிட்ச் ஆஃப். எதிர்வீட்டு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். உரித்த கடலையையும் தோலையும் ஒன்றாக அள்ளி அம்மா டப்பாவில் போட்டு மூடிவைத்திருந்ததைக் காலையில்தான் பார்த்தேன்.

அப்படி ஒரு தாக்குதல் நடக்கவேயில்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுத்திருந்தது. அந்த மறுப்பை என் செல்போனில்தான் படித்தேன், எங்கள் வீட்டு டிவியில் அது வரவில்லை. அதற்குள் நீங்கள் பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தீர்கள். வடநாட்டுச் சானல்களோடு சேர்ந்து அதையும் தரைமட்டமாக்கினீர்கள். மறுநாள் துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கும் ஒரு வரி வருத்தமில்லை. அதே நாட்களில் ஜம்மு-காஷ்மீரின் பூஞ்சில் பீரங்கிக் குண்டு விழுந்து பொதுமக்கள் செத்தார்கள். அது உண்மை. உண்மைக்கு அத்தனை பெரிய எழுத்து கிடைக்கவில்லை.

போர்நிறுத்தம் வந்து இரண்டு நாள் கழித்துத் தம்பி பேசினான். முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை. "சாப்பிட்டேம்மா. மொதல்ல அந்த டிவிய நிறுத்துங்க." அம்மா அழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்ப ரஜோரியில செத்தது யாரு பெத்த பிள்ளடா?"

யாருமில்லைம்மா, அது பொய்ச் செய்தி என்றேன். "டிவியிலேயே சொன்னாங்களே" என்றார். இன்றுவரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தவறாகச் சொன்னதை, சொன்ன அதே சிவப்பு எழுத்தில், அதே நேரத்தில், அத்தனை முறை திருத்திச் சொல்லுங்கள். 'முதலில் சொன்னது நாங்கள்தான்' என்று போட்டுக்கொள்கிறீர்களே, முதலில் திருத்தியதும் நாங்கள்தான் என்று ஒருநாள் போட்டுப்பாருங்கள்.

மே மாதக் கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்பீர்கள். 2025 ஜூன் 23, திங்கட்கிழமை, கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டது. எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் தோஹாவில் டிரைவர். இந்த முறை அக்கா வீட்டு டிவியில் அதே சைரன். வான்வழித் தாக்குதல் சைரனை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள், நிஜ சைரன் ஒலிக்கும்போது ஜனங்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று மே 10-ஆம் தேதியே அரசு உங்களிடம் கேட்டுக்கொண்டதே, மறந்துபோயிற்றா? திரை முழுக்க 'மூன்றாம் உலகப் போர்?' வேறு. ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் எதையும் சொல்லலாம் போலிருக்கிறது. என் அடுத்த கடிதத்துக்கு 'செய்தி ஆசிரியர்களுக்கு மனசாட்சி உண்டா?' என்று தலைப்பு வைத்தால் அதுவும் வெறும் கேள்விதான், கோபித்துக்கொள்ளக்கூடாது.

அந்தத் தாக்குதலில் யாரும் சாகவில்லை. சில மணி நேரத்தில் டிரம்ப் போர்நிறுத்தம் என்று அறிவித்துவிட்டார். ஆனால் அக்காவுக்கு அன்றைக்கு ஏறிய ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் நாலு பேரை உட்காரவைத்துப் போர் நடத்துகிறீர்கள், சூடேறிய ஜனம் மே மாதப் போர்நிறுத்தத்தை அறிவித்த நம் வெளியுறவுச் செயலரையே இணையத்தில் வசைபாடியது. அவரா போரை நிறுத்தினார், அவர் வாசித்தார், அவ்வளவுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். களத்தில் மைக் பிடித்து நிற்கும் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. தலைப்பு எழுதும் மேசையில் இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன்.

மே 8 செய்திக்கான திருத்தம் இன்னும் பாக்கி இருக்கிறது. நாளாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். அம்மா தினமும் ராத்திரி ஒன்பது மணிச் செய்தி பார்க்கிறார். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார், நீங்கள் சொன்னால் நம்புவார். அதே சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு முறை போடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு சிப்பாயின் அண்ணன்,
வேலூர் மாவட்டம்