கைப்பிடி அரிசி

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அம்மா எழுதுவது. அவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படிக் குறுக்கே பேச முடியாது, பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி முழித்திருக்காதே.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குக் கறிக்குழம்பா சாம்பாரா என்று கமிட்டியில் ஒரே சத்தம். சபை போதகர் ஐயர் எழுந்து ஜெபம் பண்ணித்தான் முடித்துவைத்தார். அப்புறம் ஆளாளுக்கு எத்தனை மூட்டை அரிசி என்று எழுதினார்கள். வருஷாவருஷம் உன் பெயர் முதலில் வரும். ஷார்ஜாவில் இருந்து என்று சேர்த்து வாசிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், பாவம் என்றால் பாவமாக இருக்கட்டும். இந்தத் தடவை உன் பெயரை எழுத வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

முன்பெல்லாம் பகலில் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டாய். பெத்தவளுக்கு ஐந்து நிமிஷம் இல்லையா என்று நானும் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறேன். இப்போது இரண்டு மாதமாக முதல் மணியிலேயே எடுக்கிறாய். சந்தோஷம்தான். பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் மருமகள் கழுத்தில் சங்கிலி இல்லை. வெயிலுக்குக் கழற்றி வைத்திருப்பாளாக இருக்கும். மாதம் பிறந்தால் எங்களுக்குப் பணம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறாயா? நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள் என்று போகாமல் இருக்காதே. ஜெபத்தை விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் பெண்கள் சங்கத்தில் வேன் பிடித்து டோனாவூர் போய் வந்தோம். அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் களக்காட்டில் ஒரு வாடகை வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், வேலையாட்கள் இடம் மாற்றித் தோண்டிவைத்த குழியில் இருட்டில் விழுந்துவிட்டார்களாம். அது 1931. அதற்கப்புறம் 1951இல் கண்மூடும் வரை பெரும்பாலும் படுக்கைதான். படுத்தபடியே அத்தனை பிள்ளைகளுக்கும் அம்மாவாக இருந்து, புஸ்தகமும் எழுதியிருக்கிறார்கள். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றுவிட்டார்கள். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு என்னவோ அந்தக் குழி மேல்தான் நினைப்பு. பார்த்து நடக்கிறவர்களும் விழத்தான் செய்கிறார்கள். தோண்டினது வேறு யாரோ.

அப்பாவை மில்லில் நிறுத்தின வருஷம் உனக்கு ஞாபகம் இருக்குமா? நீ நாலாம் வகுப்பு. காலையில் தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போவார். சாயங்காலம் வரும்போது சட்டையில் ஒரு பஞ்சு ஒட்டியிருக்காது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதம்.

அப்போது கைப்பிடி அரிசி வசூல் என் பொறுப்பு. சோற்றுக்கு அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டுவைப்பார்கள் அல்லவா, அதைச் சனிக்கிழமை வீடு வீடாகப் போய் வாங்கி வருவேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அளந்து விற்று, காசு ஊழியத்துக்கு. ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டில் ஒன்றுமே இல்லை. நீயும் தங்கச்சியும் படுத்துவிட்டீர்கள், ஆனால் தூங்கவில்லை. கோயில் பையை அவிழ்த்து ஒரு படி எடுத்து உலையில் போட்டேன். வீட்டுக்கு வீடு வேறு வேறு அரிசி. புழுங்கலும் பச்சையும் கலந்து, பாதி குழைந்து, பாதி விதை விதையாக நின்றது. சோறு ஏன் இப்படி இருக்கிறது என்று நீ கேட்டாய். பேசாமல் தின்னு என்று முதுகில் ஒன்று வைத்தேன். உனக்கு மறந்திருக்கும்.

நாலு மாதம் நான் கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க முன்னால் போகவில்லை. மூட்டுவலி, முழங்கால் போட முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்போதிருந்த ஐயரம்மாவிடம் போய் அழுதுவிட்டேன். அவர்கள் ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. “இனியும் நீயே வசூலுக்குப் போ. எந்த வீட்டு டின் லேசாக இருக்கிறதோ, அந்த வீட்டை என்னிடம் மட்டும் வந்து சொல்” என்றார்கள். இத்தனை வருஷமும் அப்படித்தான் போகிறேன். சில வீட்டில் டின்னை வாங்கிக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்து, நிறைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தூக்கினாலே எனக்குத் தெரியும், ராசா.

போன ஞாயிறு பிரசங்கம் பவுல் அப்போஸ்தலரின் மாம்சத்தில் குத்தின முள்ளைப் பற்றி. எடுத்துவிடும் என்று கர்த்தரிடம் மூன்று தரம் வேண்டிக்கொண்டாராம். “என் கிருபை உனக்குப்போதும்” என்றுதான் பதில் வந்ததாம். இள வயதில் எனக்கு அந்த வசனமே பிடிக்காது. வெறும் தண்ணீரை உலை வைத்திருக்கிறவளிடம் போதும் என்றால் எப்படி? இப்போதும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று தரம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாரே. பவுலே கேட்டிருக்கிறார்.

அசனத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் பற்றவில்லை. அந்தச் சிட்டையில் உன் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். வருவதென்றால் முன்கூட்டியே சொல். பின்னறையில் தேங்காய் மூட்டை கிடக்கிறது, அப்பாவால் இப்போது தூக்க முடியாது, ஆள் பிடித்துத்தான் ஒதுக்க வேண்டும். மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. அரிசி விஷயம் அப்பாவுக்கு இன்னும் தெரியாது, வந்த இடத்தில் உளறிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா